யார் போட்ட பாதை?

மலையேறப் போகிறேன் என்றால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மேல என்ன இருக்கும்?" பெரும்பாலும் பனிமூட்டம் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நான் நின்ற உச்சிகள் பலவற்றில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காற்று காதைப் பிய்க்கும், கூட வந்தவர்கள் போட்டோ எடுத்து முடிக்கும்வரை நடுங்கிக்கொண்டு நிற்கவேண்டும், அப்புறம் இறங்கவேண்டும். உச்சி என்பது அவ்வளவுதான். அதற்காக யாரும் போகாமல் இருக்கவேண்டாம். ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைத்துப் பார்த்தால் எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் பாதைகள்.

இருபதுகளில் இப்படி இல்லை. யார் முதலில் ஏறுகிறார்கள் என்ற போட்டியிலேயே பொழுது போய்விடும். முப்பத்தைந்தைத் தாண்டியதும் முழங்கால் பேச ஆரம்பித்தது, வேகம் தானாகக் குறைந்தது. மெதுவாக நடப்பவன் கீழே பார்த்துத்தான் நடப்பான். அப்படிப் பார்த்து நடந்ததில்தான் பாதைகளுக்குள் இருக்கும் வித்தியாசம் பிடிபட்டது. பொதிக் குதிரைக்காக வெட்டிய பாதை ஒரே சீரான ஏற்றத்தில் வளைந்து வளைந்து போகும். எங்கேயும் மூச்சு முட்டாது, ஆனால் முடியவே முடியாது. தலைச்சுமைக்காரர்கள் உண்டாக்கிய வழி அந்த வளைவுகளை எல்லாம் குறுக்கே அறுத்துக்கொண்டு செங்குத்தாக ஏறும். நடுநடுவே இடுப்பு உயரத்தில் ஒரு கல் கிடக்கும், சுமையை இறக்கி வைக்கவும் திரும்ப ஏற்றவும் வசதியாக. கோயிலுக்குப் போகும் வழியென்றால் படி இருக்கும், ஒரே உயரத்தில் இரண்டு படி இருக்காது. யானைத்தடத்தைப் பார்த்தால்தான் ஆச்சரியம். அவ்வளவு பெரிய உடம்பு, மலையில் எது சிரமம் குறைந்த வழியோ அதை எப்படியோ கண்டுபிடித்து வைத்திருக்கும்.

இதில் எதுவும் மலையேற்றத்துக்காகப் போட்டதில்லை. நாம் பொழுதுபோக்காக நடக்கிற ஒவ்வொரு வழியிலும் நமக்கு முன்னால் யாரோ பிழைப்புக்காக நடந்திருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு என்னால் சும்மா நடக்க முடியவில்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் இது யார் போட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷன் ஏறும் வழியை எடுத்துக்கொள்வோம். சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு மலை ஊருக்கு எதற்கு 'ஸ்டேஷன்' என்று பெயர்? முதல்முறை போனபோது நான் பஸ் ஸ்டேஷன் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அங்கே ரயிலே ஓடியிருக்கிறது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, வண்டிகளை மாடு கட்டி இழுத்தார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டுக் குறுகிய ரயில் பாதை போட்டார்கள், நீராவி எஞ்சின் வந்தது. மூணாறு தேயிலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து இரும்புக் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலைச்சரிவில் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அதனால் மேலே இருந்தது டாப் ஸ்டேஷன், கீழே இருந்தது பாட்டம் ஸ்டேஷன், நடுவில் ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன். கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி, அங்கிருந்து தூத்துக்குடி, கப்பல், இங்கிலாந்து.

1924 ஜூலையில் பெய்த மழையில் அந்த ரயில் பாதையே அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையாளக் கணக்கில் அது 1099-ஆம் ஆண்டு என்பதால் கேரளத்தில் அதை இன்றைக்கும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். திரும்ப யாரும் அந்த ரயிலைப் போடவில்லை. மூணாறில் இருந்த ஸ்டேஷன் கட்டடம் இப்போது ஒரு தேயிலை கம்பெனியின் அலுவலகம்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, எங்களோடு வந்த குரங்கணிக்காரர் எதிர்ச்சரிவைக் காட்டி, "இந்தப் பக்கம் தேயிலை இறங்குச்சு தம்பி, அந்தப் பக்கம் ஆளு ஏறுச்சு" என்றார். தேயிலைக்குக் கம்பிவடம் கட்டியவர்கள் ஆட்களுக்குக் கட்டவில்லை. தமிழ் மாவட்டங்களிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்கள் சட்டி பானையைத் தலையில் வைத்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கால்நடையாக மலையேறின. இன்றைக்கும் மூணாறு எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வீட்டுக்குள் பேசுவது தமிழ்தான். நாங்கள் முதுகில் காற்று போகும் பை, காலில் பிடிமான ஷூ, கையில் குளுக்கோஸ் என்று ஏறிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னதற்கு அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் செல்போனில் பாட்டுப் போட்டான், சரி என்று நடந்தோம்.

குரங்கணி என்றால் இப்போது பலருக்கும் 2018 மார்ச் 11-தான் நினைவுக்கு வரும். அன்றைக்குக் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிய மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் மாட்டின, 23 பேர் இறந்துபோனார்கள். அந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி நடந்திருக்கும் என்று புரியும். மார்ச் மாதம் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் தூளாகப் போகும். மலைச்சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும், காற்றும் சேர்ந்தால் மனிதனால் அதோடு ஓடி ஜெயிக்க முடியாது. கீழே ஓடலாமென்றால் பள்ளம், பாறை. அந்த ஊர் ஆட்கள் கோடையில் எந்தச் சரிவில் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருப்பார்கள். வெளியூரிலிருந்து வாரக்கடைசிக்கு வருகிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. நினைத்த இடத்தில் நினைத்தபடி ஏறும் காலம் அதோடு முடிந்தது. என் நண்பர்கள் சிலர் இன்னமும் அதைத் திட்டுகிறார்கள், நான் திட்டமாட்டேன்.

நடந்துபோய்ப் பார்க்காத ஒரு பாதையையும் இங்கே சொல்லவேண்டும். இலங்கைக்குப் போனபோது மன்னாரிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் வழிநெடுக வறண்ட காடு, குளம், வயல், திரும்பவும் காடு என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. 1820-களில் தொடங்கிக் காப்பித் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் தோணியில் மன்னார் கரையில் இறங்கி இந்தத் தூரம் முழுவதையும் நடந்திருக்கிறார்கள். அதிலும் காப்பிப் பழம் பறிப்பது பருவத்து வேலை. அறுவடைக்குப் போய், முடிந்ததும் ஊர் திரும்பி, அடுத்த வருடம் மறுபடியும் நடந்தவர்கள் நிறைய. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்குக் கிடையாது. 1914-இல் தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் வந்தபோது காப்பி அழிந்து தேயிலை வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனபோது, நடந்து வந்து சேர்ந்தவர்கள் இந்த ஊரைப் பார்த்ததும் எப்படி மூச்சுவிட்டிருப்பார்கள் என்று தோன்றியது. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதையொட்டி 2023-இல் அவர்கள் வாரிசுகள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடியும் நடந்தார்கள். எனக்குத் தெரிந்து சமீபத்தில் தமிழர்கள் நடந்த நடைகளில் ஆகப் பெரியது அதுதான். அதில் உச்சியும் இல்லை, சூரிய உதயமும் இல்லை.

வெள்ளியங்கிரியைப் பற்றி எழுதாத ஆள் கிடையாது, அதனால் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்குங்கள். ஏறும்போது அது சும்மா ஒரு பாரம், இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். ஏழு மலை என்று சொல்லும்போது கணக்கில் வராத விஷயம், திரும்பி வரும்போதும் ஏழு மலை என்பது. நள்ளிரவில் ஏறினால் முன்னால் போகிறவரின் குதிகாலும் டார்ச் வெளிச்சமும்தான் பாதை. ஒருமுறை எனக்கு முன்னால் அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒருவர் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தார். பித்தவெடிப்புக் குதிகால், ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று, பாதத்தை முழுக்க ஊன்றி, அப்புறம்தான் அடுத்த கால். நான் அவரைத் தாண்டிப்போனேன், பாம்பாட்டிச் சுனையில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது அவர் என்னைத் தாண்டிப்போனார். மறுபடி தாண்டினேன், மறுபடி அவர். கடைசியில் மேலே குகைக்கோயிலில் எனக்கு முன்பே கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, "மெதுவா வாங்க சாமி, அவன் எங்கயும் போயிடமாட்டான்" என்றார். அந்த ஆளின் நடையைத்தான் அதற்குப் பிறகு எல்லா மலையிலும் பழகிப் பார்க்கிறேன். முழுசாக வரவில்லை.

பொதிகை வேறு மாதிரி. அகத்தியர் மலை தமிழ்நாடு, கேரளம் இரண்டுக்கும் எல்லையில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தமிழர்கள் பொதிகை என்று உருகுவோம், ஆனால் ஏறிப் பார்க்க வேண்டுமென்றால் கேரள வனத்துறையிடம் அனுமதி வாங்கி, போணக்காடு வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது. பெண்களுக்கு 2019 வரை அந்த அனுமதிகூடக் கிடையாது, கேரள உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி திறந்தது. அதிருமலை முகாமில் இரவுத் தங்கல், மறுநாள் உச்சி, இதுதான் ஏற்பாடு. பாதி வழியில் அட்டை ஏற ஆரம்பிக்கும். உப்பும் மூக்குப்பொடியும் தடவியும் பார்த்தேன். அட்டைக்கும் அனுபவம் உண்டு போலிருக்கிறது, தடவாத இடமாகப் பார்த்து ஏறுகிறது. காலுறைக்கு மேல் முழங்கால்வரை இறுகப் பின்னிய துணியுறை ஒன்று விற்கிறார்கள். அதை வாங்குங்கள், மற்றதெல்லாம் ஆறுதலுக்குத்தான்.

கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். கயிற்றில் தொங்கியபடி கீழே பார்க்கவேண்டாம் என்பார்கள், எல்லோரும் பார்ப்போம். இந்த உச்சிக்கு 1850-களிலேயே ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி கருவிகளை ஏற்றிக்கொண்டு போய் ஓர் ஆய்வுநிலையம் வைத்திருந்தார். திருவனந்தபுரத்தில் வானிலையும் பூமியின் காந்தப் போக்கையும் அளந்துகொண்டிருந்தவர், அதே அளவுகளை மலைமேலும் எடுத்து ஒப்பிட விரும்பினார். கண்ணாடியும் காந்த ஊசியுமான அந்தக் கருவிகளை இந்த மழையிலும் காற்றிலும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்த கைகள் யாருடையவை? அளவுகள் அச்சில் ஏறின. சுமந்தவர்கள் ஏறவில்லை.

பொதிகையில் வழிகாட்டியாக வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த மலைப் பழங்குடிகளான காணி மக்கள். அவர்கள் வழிகாட்டியதில் நடந்த ஒரு கதை உலகம் முழுக்கப் பிரபலம். 1987-இல் தாவர ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் ஏறமுடியாமல் தளர்ந்து உட்கார, கூட வந்த காணிக்காரர்கள் மட்டும் சளைக்காமல் நடந்திருக்கிறார்கள். வழியில் ஏதோ சின்னப் பழத்தைப் பறித்து மென்றுகொண்டே வந்தது கண்ணில் பட்டிருக்கிறது. கேட்டுக் கேட்டு வாங்கிய பதில்தான் ஆரோக்கியப்பச்சை என்ற செடி. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது, அதில் கிடைத்த பணத்தில் ஒரு பங்கைக் காணி மக்களின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். பழங்குடிகளின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று எல்லா நாட்டுக் கருத்தரங்கிலும் இதைச் சொல்வார்கள். எங்களோடு வந்த காணி இளைஞரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு, "அதெல்லாம் பெரியவங்க விஷயம் அண்ணே, உங்க பையை இப்படிக் குடுங்க" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பாறைமேல் அவர் ரப்பர் செருப்போடு நடந்தார்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போகும்படி ஏற்பாடு செய்தது. குரங்கணி பக்கம் சாம்பலாறுவரை போகும் வழியும் அதில் ஒன்று. கட்டணம் அதிகம் என்று ஒரு புலம்பல் ஓடுகிறது. எனக்கு இதில் பிடித்த விஷயம், உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்திருப்பது. முன்னெல்லாம் பெருநகரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர் நம்மிடம் பணம் வாங்கிக்கொள்வார், உண்மையில் வழிகாட்டும் ஊர்க்காரருக்குச் சாப்பாடும் கொஞ்சம் செலவுக்காசும் போய்ச்சேரும். என் வரையில் புகார் ஒன்றே ஒன்றுதான்: வழிகாட்டிகளுக்குப் பறவைப் பெயரும் செடிப் பெயரும் சொல்லிக் கொடுக்கிறார்கள், நல்லது. அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன் அந்தப் பாதையில் என்ன சுமந்தார்கள் என்பதையும் சொல்லச் சொல்லலாம். அதற்குப் பயிற்சிகூட வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

கேட்டுக் கேட்டு நான் அதிகம் தெரிந்துகொண்டது வெள்ளகவி என்ற மலைக் கிராமத்தில். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறைவரை எல்லோரும் போவார்கள். அதைத் தாண்டி இன்னும் கீழே இறங்கினால் வெள்ளகவி. அங்கிருந்து மேலும் இறங்கினால் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கும்பக்கரை. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே போகச் சாலையே கிடையாது. 1910-களில் வத்தலக்குண்டு பக்கமிருந்து மோட்டார் சாலை வரும்வரை துரைமார் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்திருக்க, பெரியகுளத்துப் பக்கத்து ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டுதான் மலையேறினார்கள். பியானோ முதற்கொண்டு தோளில்தான் போயிருக்கும் என்பது என் ஊகம். சாலை வந்ததும் கொடைக்கானல் எங்கேயோ போய்விட்டது. பழைய மலைவழிகளில் இருந்த ஊர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊருக்குள் அத்தனை கோயில்கள், வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே இடைவெளி கிடையாது, அதனால் ஊர் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். நானும் ஷூவைக் கழற்றி, நாடாவை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன். வெயிலில் கல் சுட்டது. எதிரே ஒரு குதிரை முதுகின் இருபுறமும் சாக்குமூட்டையோடு ஏறி வந்தது. மூட்டைக்கும் தோலுக்கும் நடுவே பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். அப்படியும் முதுகெலும்புக்குப் பக்கத்தில் மயிர் உதிர்ந்து காய்ப்புக் காய்த்திருந்தது. உள்ளே பட்டர்புரூட், அதாவது அவகாடோ. கொடைக்கானல் வியாபாரியிடம் போய்ச் சேரும்போது, பழத்தின் விலையில் குதிரைக் கூலி எவ்வளவு என்று குதிரைக்காரரிடம் கேட்டேன். அவர் கணக்குப் போட்டுச் சொன்னதில் பழம் விளைவித்தவருக்கு மிஞ்சுவது குதிரைக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாக இல்லை.

ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்லிக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். வயதான அம்மா ஒருவர், பிரசவ வலி வந்த மருமகளைக் கம்பில் போர்வை கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய ராத்திரியைப் பற்றிச் சொன்னார். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், மாற்றிக்கொள்ள இன்னும் நாலு பேர், தீப்பந்தத்தோடு ஒருவர். பாதி வழியில் மழை. நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது, அந்தப் பேரன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இந்த ஊருக்குச் சாலை போட்டால் அழகெல்லாம் போய்விடும் என்று எங்கள் மலையேற்றக் கூட்டத்தில் பேச்சு வரும், நானே ஒருகாலத்தில் தலையாட்டியிருப்பேன். கூட வந்த நண்பர் அந்த அம்மாவிடமே இதைச் சொல்லிவிட்டார்: "ரோடு வந்தா இந்த அமைதி எல்லாம் போயிடும்மா."

"போனா போகட்டும் சாமி" என்றார் அந்த அம்மா. "ரோடு வந்தா நீங்க வரமாட்டீக, எங்க பேரன் வருவான்." டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், வாழையிலையில் நாலு பட்டர்புரூட்டைக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். கும்பக்கரை போய்ச்சேர மூன்று மணி நேரம் பிடித்தது. பழம் இன்னும் பழுக்கவில்லை, வீட்டில் அரிசிக்குள் வைத்து ஒரு வாரம் கழித்துத் தின்றோம்.